ஏழாம் நம்பர் உடம்பு

என் தம்பி பெண்டாட்டி கிருபாபாய்க்குச் செத்துப்போனவர்களோடுதான் வேலை என்று நான் சொன்னால், கேட்பவர்கள் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார்கள். அதற்காகவே அப்படிச் சொல்வேன். உண்மையில் அவள் தூத்துக்குடி சின்னக்கோயிலுக்குப் பின்னால் ரோச் அண்ணாச்சி நடத்தும் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் திருத்துகிறவள். எங்கள் நாசரேத்துப் பெண். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த மூன்றாம் வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. என் தம்பி சுந்தர்சிங் துறைமுகத்தில் கிளார்க், வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நாசரேத்திலிருந்து நான்தான் பஸ் ஏறிப் போக வேண்டும்.

அவள் வேலை என்னவென்று முதன்முதலில் சொன்ன அன்று நான் நம்பவில்லை. ஒரு வீட்டில் ஆம்பளை இறந்தால் மாட்டுவதற்குப் படத்துக்குப் பஞ்சமே இருக்காதாம். பைக்கில் சாய்ந்து ஒன்று, சங்கக் கூட்டத்தில் மாலையோடு ஒன்று, கறுப்புக் கண்ணாடியோடு ஒன்று. பொம்பளை இறந்தால் வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார்கள், தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் வாக்காளர் அட்டையோ, யார் கல்யாணத்திலோ மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிய நின்ற படமோ பாலித்தீன் கவருக்குள் வந்து சேரும். கிருபாபாய் அதிலிருந்து முகத்தை மட்டும் எடுப்பாள். கழுத்துக்குக் கீழே வேறு ஒருத்தியின் உடம்பை ஒட்டுவாள். பட்டுச்சேலை கட்டி, கையை மடியில் வைத்து, லட்சணமாக உட்கார்ந்திருக்கிற தலையில்லாத உடம்பு. ஸ்டுடியோவில் அதற்குப் பாடி என்று பெயர். பாடி ஒன்று, பாடி இரண்டு என்று பதினான்கு வரை வைத்திருக்கிறாள்.

"அப்போ முகம் மட்டுந்தானளா அவங்களுது?" என்று கேட்டேன்.

"முகமும் முழுசா இல்ல மைனி. கலரைக் கொஞ்சம் தூக்கணும், கண்ணுக்குக் கீழ கருப்பை எடுக்கணும், பல்லு எடுப்பா இருந்தா வாயை மூடணும்" என்றாள், புளி கரைப்பதைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அந்தப் பொம்பளையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று சத்தம் போட்டேன். பேர் இருக்குதே மைனி, அதை நாங்க மாத்துறதில்லை என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட எழுந்து போனாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தவர்கள் எல்லோரும் தலையில் முக்காடு கேட்டார்களாம். கையில் வேதப்புத்தகம் இருக்க வேண்டும், கண் கீழே பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் மீன் சந்தையில் நின்று ஊரையே திட்டித் தீர்த்த ஒரு அம்மாளைக்கூட அப்படி உட்கார்த்தி வைத்தாளாம் இவள். நாலைந்து வருஷத்தில் முக்காடு போய் நகை வந்தது. அந்தக் குடும்பத்தில் யாருமே கண்ணால் பார்த்திராத காசுமாலையும் ஒட்டியாணமும் போடச் சொன்னார்கள். அப்புறம் டிவி தொடர்களைப் பார்த்துவிட்டு ரவிக்கைத் தையலில் வந்து நின்றார்கள். இறந்த மாமியாருக்கு முழங்கை வரைக்கும் கை வையுங்கள், இப்போது பஃப் கை யாரும் போடுவதில்லை என்று ஒரு மருமகள் வந்து ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். இந்தப் பங்குனியில் ஒருவர் எழுபது வயதில் இறந்த தன் அம்மாவுக்கு முப்பது வயது முகமும் லெஹங்காவும் கேட்டார். போனிலேயே ஏதோ செயலியில் செய்து கொண்டுவந்து காட்டினார், அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார். இதைக் கேட்டு நான் வாயில் வைத்த பண்டத்தை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தந்தக் காலத்தில் பொம்பளை எப்படி இருந்தால் ஊர் மெச்சுமோ, செத்த பிறகாவது அவளை அப்படி ஆக்கிவிட வேண்டும் என்று வருகிறார்கள்.

அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள். கண் மீன், கழுத்து சங்கு, இடை கொடி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னவள். ஒருநாள் உப்பளத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்கம்மா கால் பூரா உப்புப் புண்ணு, அதுக்கு என்ன உவமை?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் அவளை அதட்டி உட்கார வைத்தேன். கிருபாபாயிடம் இதைச் சொன்னபோது, "உங்க புத்தகத்துலயும் பாடிதான் மாத்திருக்காங்க மைனி" என்றாள்.

பதினான்கு பாடிகளில் ஏழாம் நம்பருக்குத்தான் கிராக்கி என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் குறுந்தகட்டில் வந்தவை. அதில் இருப்பவர்கள் வடக்கத்திப் பெண்கள், தோளும் கையும் நம் ஆட்கள் மாதிரி இருக்காது. ஏழு ஒன்றுதான் பார்த்தவுடன் நம் வீட்டுப் பொம்பளை மாதிரி இருக்குமாம். யாருடைய உடம்பு அது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் ஸ்டுடியோவுக்குள் போய் உட்காருகிற ஆளும் இல்லை.

கிருபாபாய்க்கு ஒரே மகள், ஜெமிமா. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீஸில் கிங்ஸ்டன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஒளிவுமறைவில்லாமல் வீட்டில் வந்து சொன்னார்கள். நம் சபைப் பையன், கெட்ட பழக்கம் கிடையாது, மாப்பிள்ளையூரணியில் சொந்த வீடு. அம்மா ஜீவமணி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா ஜேசுபாதம் உப்பள வேலையிலிருந்து ஓய்ந்தவர். கல்யாணமான அக்காமார் இரண்டு பேர், பிளாரன்ஸ், ஜெபசெல்வி. அந்த இருவருக்கும் அம்மா இறந்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பெண் பார்க்க பிளாரன்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், ஜெபசெல்வி அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தாள். நாங்கள் இரண்டு தடவை கேசரி கிண்டினோம். என்ன சண்டை என்று கிங்ஸ்டனைக் கேட்டதற்கு, "ஒரு சேலைத் தகராறு டீச்சர், விடுங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டான்.

அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கை நனைக்க வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் மனம் ஒத்துப்போகும் வரைக்கும் காப்பித் தண்ணியோடு எழுந்துவிடுவது எங்கள் வழக்கம். சாப்பாட்டு இலையில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். இலை போட்ட பிறகு கை வைக்காமல் எழுந்தாலும் முடிந்தது, பிறகு அந்த வாசலை மிதிக்க முடியாது. ஜெமிமா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அத்தை, நீங்க அங்கன போய் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சரி என்று சொன்னேன்.

புறப்படும்போது கிருபாபாய் ஒரு சாதாரணக் காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏளா, சம்பந்தி வீட்டுக்குப் போற லட்சணமா இது? நான் எடுத்துக் குடுத்த கத்திரிப்பூ பட்டு எங்கன?"

"அது வேண்டாம் மைனி."

"ஏன் வேண்டாம்? கல்யாணத்துக்குக் கட்டுனதோட சரி. ஒரு நாளாவது வெளிய கட்டிப் பாத்திருக்கேனா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைக் கவனிக்கவில்லை. அந்தச் சேலை நான் திருநெல்வேலிக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து எடுத்தது. கத்திரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் கரை, கரையில் வரிசையாக மாங்காய். அதில் ஒரே ஒரு மாங்காய் மட்டும் நெசவில் தலைகீழாக விழுந்திருந்தது. அதைக் காட்டித்தான் நான் விலையைக் குறைத்தேன். முந்தானையைத் தோளில் போட்டால் அந்த மாங்காய் சரியாக மார்புக்கு மேலே வந்து நிற்கும். பீரோவைத் திறந்து நானே எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் கட்டிக்கொண்டு வந்தாள். நடந்ததெல்லாம் நான் இழுத்து விட்ட வினைதான்.

கோயில் ஆராதனை முடிந்து மதியம் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே கறிக்குழம்பு வாசனை. ஜேசுபாதம் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார். மெலிந்த மனிதர், உப்பில் வெந்த கால்கள். சுந்தர்சிங் முன்னால் போக, நான் பின்னால் நுழைந்தேன். எனக்குப் பின்னால் வந்த கிருபாபாய் வாசற்படியில் நின்றுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன்.

எதிர்ச் சுவரில் டிவிக்கு மேலே சந்தன மாலை போட்ட பெரிய படம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கழுத்துக்குக் கீழே கத்திரிப்பூ பட்டு, மாம்பழக் கரை. அதே கடையில் எடுத்திருப்பார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மார்புக்கு மேலே அந்தத் தலைகீழ் மாங்காயைப் பார்த்தேன். கண் தானாகக் கீழே இறங்கியது. மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைகள். இடது பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் பனங்கிழங்கு நறுக்கும்போது கிருபாபாய் வெட்டிக்கொண்ட தழும்பு அது. திரும்பி அவளைப் பார்த்தேன், முகத்தில் ஈயாடவில்லை.

"ஏழு, மைனி" என்றாள், உதடு மட்டும் அசைந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜெமிமா உட்கார்ந்திருப்பாள். கிருபாபாயை இழுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்கார்த்தினேன். அவள் கைப்பையை மடியில் வைத்து இடது கையை மறைத்துக்கொண்டாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அதற்குள் சமையல்கட்டிலிருந்து பிளாரன்ஸ் காப்பித் தட்டோடு வந்தாள். அப்பா சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஜெபசெல்வியும் அன்று வந்து, எதிர் அறை வாசலில் அக்கா முகத்தைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

பிளாரன்ஸ் தட்டை நீட்டினாள். கிருபாபாய் காப்பி எடுக்கக் கை நீட்டியபோது முந்தானை நழுவியது. தட்டு அப்படியே நின்றது.

"இந்தச் சேலை ஏது?" என்றாள் பிளாரன்ஸ்.

அவள் சுவரைப் பார்த்தாள், மறுபடியும் கிருபாபாயைப் பார்த்தாள். தட்டை டீப்பாயில் வைத்த வேகத்தில் காப்பி சிந்தியது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு தங்கச்சியிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"வித்துட்டியாளா? அம்மா சேலையை வித்துத் தின்னுட்டியா?"

"நானா? பீரோ சாவி உன் இடுப்புலதான இருந்துச்சு! அடக்கம் முடிஞ்ச மறுநாளே நீ தூக்கிட்டுப் போனன்னு ஊருக்கே தெரியும்!"

அப்போதுதான் எனக்குச் சேலைத் தகராறு என்னவென்று புரிந்தது. ஜீவமணி இறந்து நாற்பதாம் நாள் இந்தப் படம் சுவருக்கு வந்திருக்கிறது. படத்திலிருக்கும் பட்டைப் பிள்ளைகள் பீரோவில் தேடியிருக்கிறார்கள். இல்லை. அக்கா எடுத்துக்கொண்டாள் என்று தங்கையும், தங்கை எடுத்துக்கொண்டாள் என்று அக்காளும் நினைத்து, ஒருத்தி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மற்றவள் போகாமல் இருந்திருக்கிறாள். அந்தச் சேலை இப்போது நடுக்கூடத்தில் சம்பந்தி அம்மாள் உடம்பில் உட்கார்ந்திருக்கிறது.

"என் கல்யாணத்தன்னைக்கு அம்மா இதைத்தான் கட்டியிருந்தா" என்று பிளாரன்ஸ் அழ ஆரம்பித்தாள்.

"கோயில்ல எனக்குத் திடப்படுத்தல் நடந்த அன்னைக்கும் இதைத்தான் கட்டிட்டு என் பக்கத்துல நின்னா. அந்தப் பாச்சா உருண்டை வாசம்கூட எனக்கு இன்னும் மூக்குல நிக்கி" என்றாள் ஜெபசெல்வி.

பிளாரன்ஸ் கிட்டே வந்து கிருபாபாயின் முந்தானையைக் கையில் பிடித்துவிட்டாள். "யார்ட்ட வாங்குனிய? உண்மையைச் சொல்லுங்க."

நான் ஜெமிமாவுக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது. "சேலையை விடும்மா! இது நான் திருநெல்வேலியில எடுத்த சேலை. இந்தத் தலைகீழ் மாங்காய்க்குக் கடைக்காரன்கிட்ட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கேன். இவ கல்யாணத்துக்கு எடுத்தது!"

"அப்போ அதே தலைகீழ் மாங்காய் எங்கம்மா படத்துல எப்படி வந்துச்சு டீச்சர்?"

முப்பத்தோரு வருஷம் கேள்வி கேட்டே பிழைத்த நான் கிருபாபாயைத் திரும்பிப் பார்த்தேன். கிங்ஸ்டன் அக்காவைப் பிடித்து இழுத்தான். சுந்தர்சிங் எழுந்து செருப்பைத் தேடினான். எல்லாம் முடிந்தது, ஜெமிமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது கிருபாபாய் எழுந்தாள். முந்தானையை பிளாரன்ஸ் கையிலிருந்து மெதுவாக விடுவித்தாள். போய்ப் படத்துக்குக் கீழே நின்று, வயிற்றுக்கு நேரே இடது கையை மேலே வைத்து இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள்.

"சேலை மட்டும் இல்ல. அந்தக் கையும் என் கைதான்" என்றாள்.

பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வடக்கத்திப் பாடிகளை யாரும் விரும்பவில்லை என்று ரோச் அண்ணாச்சி ஒருநாள், உன் கல்யாணப் பட்டைக் கட்டிட்டு வா கிருபா, ஒரு படம் எடுத்துக்கிடுவோம் என்று சொன்னது. ஸ்டூலில் உட்கார்த்திப் படம் எடுத்தது. தன் தலையைத் தானே கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து, ஏழு என்று பெயர் போட்டு வைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சேலையைக் கட்டி வெளியே போகப் பயந்தது.

"யார் வீட்டுச் சுவருல எந்த அம்மா உக்காந்திருக்காவளோன்னு பயம். மகளுக்கு மாப்பிள்ளை எடுத்த வீட்டுலயே இருக்கும்னு நெனைக்கல. மன்னிச்சிருங்க" என்றாள்.

ஜெபசெல்வி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பிரசவத்துக்கும் அந்தக் கையைத் தொட்டு முத்தம் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. கிருபாபாய் தன் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு அழுதாள்.

என் தம்பி பெண்டாட்டியின் கழுத்துக்குக் கீழே உள்ளது முழுவதும் இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. பிள்ளைகள் விழுந்து கும்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போகிறார்கள். இவள் தினமும் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் போகும்போதெல்லாம் எனக்குக் காப்பி போட்டுத் தந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்தாள். "சரி, ஒட்டுனிய. ஆனா அம்மாட்டயும் இதே மாதிரி ஒரு பட்டு இருந்துச்சு. நான் கண்ணால பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன்" என்றாள் ஜெபசெல்வி.

பதினோரு வருஷத்தில் அக்காளும் தங்கையும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"இல்ல" என்றார் ஜேசுபாதம் அண்ணாச்சி.

அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். "அவகிட்ட பட்டே கிடையாது."

"என் கல்யாணத்துக்குக் கட்டியிருந்தாளேப்பா?"

"அது உன் சித்திட்ட இரவல் வாங்குன சேலை. நைலக்ஸு. உன் ஆல்பத்தை எடுத்துப் பாரு, அவ எங்கன இருக்கா? அடுப்படியை விட்டு வெளியவே வரல."

அவர் கிருபாபாயைப் பார்த்தார். "உங்களுக்கு ஞாபகம் இருக்காது தங்கச்சி. அவ உப்பளத்து நலவாரிய அட்டையைக் கொண்டுட்டு நான்தான் உங்க ஸ்டுடியோவுக்கு வந்தேன். அம்மா என்ன சேலை கட்டுவாங்கன்னு கேட்டிய. சேலைக்கு மேல என் சட்டையைப் போட்டு, தலையில துண்டைச் சுத்தி உப்பளத்துக்குப் போவான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஒரு பட்டு போட்டுருங்கன்னு சொன்னேன். என்ன கலர் பிடிக்கும்னு கேட்டிய. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன். அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்னு எனக்குத் தெரியல. நீங்களே பாத்துப் போடுங்கன்னுட்டு வெளிய வந்து நின்னேன்."

"எங்களை ஏம்ப்பா சண்டை போட விட்டிய?" என்றாள் பிளாரன்ஸ்.

"சொல்லணும்னு தினமும் நெனைப்பேன். சொன்னா, நான் அவளுக்கு ஒரு பட்டுகூட எடுத்துக் குடுக்கலன்னு சொல்லணுமேம்மா."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. தன் ஒரு வெட்கத்தை மறைக்க, பெற்ற பிள்ளைகள் இருவரையும் பதினோரு வருஷம் ஒருவருக்கொருவர் திருடியாக்கி வைத்திருந்த மனிதர். கூடவே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவம்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மடித்த ஒரு சட்டையோடு வந்தார். ஆம்பளைச் சட்டை, நீலக்கோடு போட்ட முழுக்கை. தோளில் உப்புப் பெட்டி சுமந்து தேய்ந்த இடத்தில் வேறு துணி வைத்துக் கையால் தைத்திருந்தது. "உங்கம்மா கடைசியா போட்டுருந்தது" என்று பெரிய மகள் கையில் கொடுத்தார். பட்டைத் தேடி அந்த பீரோவைக் கொட்டிக் கவிழ்த்த இருவரும் இந்தச் சட்டையைப் பார்த்திருப்பார்கள், அப்பா சட்டை என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடியிருப்பார்கள். ஜெபசெல்வி எழுந்து வந்து சட்டையின் கையைத் தொட்டாள். பிளாரன்ஸ் கழுத்துப்பட்டியை முகத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சட்டைக்குள் தலையைப் புதைத்து அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அழுது முடித்ததும் பிளாரன்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தில் கை வைத்தாள்.

"வேண்டாம்ளா" என்று ஜேசுபாதம் அண்ணாச்சி பதறினார். "அதுலயாவது அவ பட்டு கட்டிக்கிட்டு இருக்கட்டும்."

"நீங்க எடுத்துக் குடுக்காத பட்டு எங்கம்மாவுக்கு வேண்டாம்ப்பா."

படத்தை இறக்கினாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. படத்தைக் கிருபாபாய் கையில் கொடுத்தாள். கிருபாபாய் அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த அட்டைப் படம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கும்மா. நான் எந்தப் படத்தையும் அழிக்கிறதில்ல. தலையில துண்டு, கழுத்துல சட்டைக் காலரு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருப்பாவ. நான்தான் காலரை வெட்டி எடுத்துட்டேன். ஒட்டாம, திருத்தாம அப்படியே பெருசாக்கித் தரட்டா?"

"கலரையும் தூக்காதிய" என்றாள் பிளாரன்ஸ். "அதுவரைக்கும் இந்தச் சட்டை தொங்கட்டும்."

ஜெபசெல்வி ஓடிப்போய் ஒரு ஹேங்கர் கொண்டுவந்தாள். சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டு அக்காளிடம் தூக்கிக் கொடுத்தாள். படம் இருந்த ஆணியில் பிளாரன்ஸ் அதைத் தொங்கவிட்டாள். சந்தன மாலையை எடுத்து ஹேங்கர் கொக்கியில் போட்டாள். நாற்காலியிலிருந்து இறங்கி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"சாப்பாடு ஆறுது. கை கழுவிட்டு வாங்க அத்தை. டீச்சர், நீங்களும் வாங்க."

சுந்தர்சிங் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கூடத்திலேயே இலை போட்டார்கள். அக்காள் சோறு வைத்தாள், தங்கை குழம்பு ஊற்றினாள். கிருபாபாய் கழுவிய கையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சோற்றில் வைத்துப் பிசைந்தாள். அவளைப் பார்த்து நானும் வைத்தேன். ஜெமிமா போன் செய்தபோது, "கை நனைச்சாச்சுளா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மின்விசிறிக் காற்றில் சட்டையின் கை ஆடிக்கொண்டிருந்தது. ஜேசுபாதம் அண்ணாச்சி அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பிளாரன்ஸ் அவர் இலையில் இரண்டு தடவை வந்து குழம்பு ஊற்றினாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்து, விடைபெற்று, வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் அவர் இலையில் கை வைக்கவில்லை.